நெற்றி வரை தெரியும் படங்கள்

"உனக்கு மட்டும் எங்கிருந்தும்மா இவ்வளவு பொறுமை வருது?" என்று சித்தப்பா ஒருமுறை கேட்டார். மனதில் இருப்பதை எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

சித்தப்பா ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றதிலிருந்து அந்தக் கடையின் பின்னறைதான் எனக்கு இடம். ரிப்பேருக்கு வரும் ஃபோனை யாரும் திறப்பதற்கு முன் அதிலுள்ள படங்களைப் பத்திரப்படுத்துவது என் வேலை. கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, மெமரி கார்டில் ஒரு காப்பி. ஃபோனைத் திருப்பிக் கொடுத்ததும் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுவோம்.

எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று மற்ற கடைகளில் விட்டுவிடுவார்கள். நான் ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்ப்பேன். ஏனென்றால் ஒரு படத்துக்குள்ளேயே அதன் சின்ன உருவம் ஒன்று தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். வரிசையாக அடுக்கிக் காட்டும்போது நம் கண்ணில் படுவது அதுதான். பெரிய படம் கெட்டுப்போனாலும் சின்னது சிரித்துக்கொண்டே இருக்கும். தொட்டுத் திறந்தால்தான் விஷயம் தெரியும். மேலே கொஞ்சம் படம், கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவள், யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மாசமாக இருந்தபோது, ஆஸ்பத்திரி பக்கம் என்று எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். என் அறையை அவளுக்குக் கொடுத்தோம். அலமாரியைக் காலி செய்தபோது என் நோட்டுகள் ஒன்பதும் அவள் கையில் கிடைத்தன. நான் வேலை விட்டு வந்தபோது கூடத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கும் அத்தானுக்கும் ஒன்றைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கேளுங்க, இதக் கேளுங்க. 'என்னைப் பார்த்து யாராவது தும்மினால்கூட எனக்குச் சந்தோஷம்தான்.' நம்ம ஊமைக்கோட்டான் உள்ளுக்குள்ள எவ்வளவு வச்சிருக்கு பாருங்க!"

அத்தானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். மறுநாள் ஒன்பது நோட்டும் பழைய பேப்பர்காரரிடம் போயிருந்தன.

"நோட்டுதானேடி? எழுதினதெல்லாம் உன் தலைக்குள்ளதானே இருக்கும். வேணும்னா திரும்ப எழுதிக்கோ," என்றாள் அக்கா.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எழுதிப் பார்த்தேன். நான்கு வரி வந்தது.

குழந்தை பிறந்தது. பெண். சிட்டு என்று கூப்பிட்டோம். ஏழு மாதம் இருந்தாள். மூன்று நாள் காய்ச்சல். அதன் பிறகு அக்காவிடம் மிஞ்சியது ஃபோனில் இருந்த ஆயிரத்து எண்ணூறு படங்கள்தான். பார்க்கத் தாங்கவில்லை என்று அத்தான் தன் ஃபோனில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டிருந்தார்.

அக்காவின் ஃபோன் அடிக்கடி உறைந்து நின்றது. கடைக்குக் கொண்டுவந்தாள்.

"நீ பாத்தா போதும்டி. வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்."

வழக்கப்படி எல்லாவற்றையும் கார்டில் காப்பி எடுத்தேன். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். பிறகு அவள் ஃபோனில் இருந்தவற்றில் நாற்பதை மட்டும் எடுத்து, ஒவ்வொரு ஃபைலின் நடுவிலும் கொஞ்சம் அழித்தேன்; அந்த இடத்திலிருந்து கீழே எல்லாம் சாம்பலாகிவிடும். குழந்தையின் முகம் படத்தில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துச் செய்ய வேண்டியிருந்தது. நெற்றி வரை விட்டுவைத்தேன். ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் பிடித்தது. இணையத்தில் தானாகச் சேமிக்கும் வசதியையும் நிறுத்திவைத்தேன்.

பத்து நாளில் அக்கா ஓடிவந்தாள்.

"வெளியில சிரிக்கிறாடி. தொட்டா காணாமப் போயிடுறா."

"ஃபைல் கெட்டுப்போயிருக்குக்கா. பரவும்," என்றேன். அது அப்படிப் பரவாது.

"நீ ஒரு காப்பி எடுத்தியே?"

"அதுலயும் இப்படித்தான்க்கா இருக்கு."

அதிலிருந்து வாரம் தவறாமல் வந்தாள். நானும் வாரம் தவறவில்லை. "இது ஒண்ண மட்டுமாவது காப்பாத்திக் குடுடி, தவழ ஆரம்பிச்ச அன்னிக்கு எடுத்தது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு படத்தைக் காட்டுவாள். அவள் காட்டித் தந்ததால், அடுத்து எதை எடுப்பது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

போன வாரம், "முகமே மறந்துடும்போல இருக்குடி," என்றாள்.

"எல்லாம் உன் மனசுக்குள்ளதானேக்கா இருக்கும்?" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

நல்ல காப்பி என்னிடம்தான் இருந்தது. ஒருநாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் நினைத்திருந்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் இதற்குள் நான் மறுபடி எழுதத் தொடங்கியிருந்தேன். இந்தமுறை தொலையக் கூடாது என்று ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து அதே கார்டில் போட்டுவந்தேன். கார்டு நிறைந்துவிட்டது. கடையில் புதுக் கார்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஆனால் சித்தப்பாவிடம் வாய் திறந்து கேட்க வேண்டும், எனக்குக் கேட்க வராது. இடமில்லை, பழையதை அழிக்கவா என்று திரையில் வந்தது. ஆம் என்பதை அழுத்தினேன். சிட்டு மொத்தமாகப் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இதுவரை எழுதி முடித்திருந்தபோது அக்கா பின்னறைக்கு வந்தாள்.

"உண்மையச் சொல்லு. நீ ஏதாவது பண்ணினியா?"

எனக்குப் பேச வராது என்று அவளுக்குத் தெரியும். நோட்டை நீட்டினேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தாள். எங்காவது எழுத்துப் பிழை இருக்குமோ என்றுதான் எனக்குப் பயம். ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை. ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. என் எழுத்தை ஒருவர் முழுதாகப் படித்தது அதுதான் முதல்முறை. அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். முடித்ததும் நோட்டை மூடி, இரண்டு கையாலும் மேசையில் வைத்தாள். தன் ஃபோனை அதன் மேல் வைத்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.