பேரில்லாமல் போகாத மனு

— ஷட்டரை ஏன்க்கா எறக்குற? புவனாக்கா, அந்த ஸ்டூலைக் கீழ வையி. பேசிக்கலாம்.

— உங்கிட்ட இன்னாடி பேச்சு? எம் புருஷன் வலது கையில ஒரு வெரல் கூட நேரா இல்ல. அஞ்சும் அஞ்சு பக்கம் பாக்குது.

— ஜெயக்குமார் அண்ணனுக்கா? எப்போ?

— நேத்து சாயங்காலம். நெசவு சொசைட்டி பிரசிடெண்டு முனிரத்தினம் ஆளுங்க மூணு பேரு. எங்க வூட்டுக்குள்ள பூந்து, கைய தறிமரத்து மேல அமுக்கிப் புடிச்சி, சுத்தியால அடிச்சானுங்க. நான் தறியில அவரு பக்கத்துலதான் சேலைக் கரைக்கு நாடா வீசிக்கினு இருந்தேன். கால்ல வுழுந்தேன்டி. அடிக்கிறவன் கால்லயே வுழுந்தேன்.

— ஐயோ, கடவுளே.

— உன் வாயால சாமிய கூப்புடாத. "பிரசிடெண்டு மேலயே கம்ப்யூட்டர்ல மனு போடறியா"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சானுங்க. ஒரு கேள்விக்கு ஒரு வெரல். இப்ப நீ பதில் சொல்லு, குழலி. சொசைட்டிக்கு வர்ற கவர்மெண்டு பட்டுநூலை அவன் வெளிய விக்கிறான்னு நாங்க இந்த ரூம்ல உங்கிட்ட சொன்னது, அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— நான் சொல்லலக்கா. எங்கம்மா மேல சத்தியமா சொல்லல. மனு நேரா பெரிய ஆபீசருக்குத்தான் போச்சு. நடுவுல ஆளே கெடையாது. அதுக்குத்தான வெளிநாட்டுக்காரங்க காசு குடுத்து இந்த இன்டர்நெட் சென்டரைத் தொறந்தாங்க? எத்தனை பேருக்கு பென்ஷன் வாங்கிக் குடுத்திருக்கேன், ரேஷன் கார்டு...

— உன் பெருமைய கொண்டு போயி குப்பையில போடு! நீ அடிச்ச பேப்பரு அவனுங்க சட்டைப் பையில இருந்துச்சிடி. அதை எடுத்து எங்க வூட்டுக்காரர் மூஞ்சில தேச்சானுங்க!

— இருக்காதுக்கா. மனு நம்பர் எங்கிட்ட இருக்குது, இப்பவே பாத்து சொல்றேன். அக்கா, வேணாம்! ஐயோ, பிரிண்டர்!

— ஒடஞ்சிச்சா? ஒடையட்டும்.

— என் பொழப்புக்கா அது!

— எங்க பொழப்பு? கரைய தனியா கோத்து நெய்யற கோர்வை சேலைக்கு ரெண்டு பேரு, நாலு கை வேணும். ஒரு கை போச்சின்னா தறிய வெறகுக்குத்தான் போடணும். என் எதிர்லயே பொழப்பு பேசறியா நீ? அடுத்தது அந்த டிவிப் பொட்டிதான். சீக்கிரம் பாரு.

— லைன் கெடைக்கல, சுத்திக்கினே இருக்குது... கொஞ்சம் இருக்கா. தலைக்கு குளிச்சிட்டு தொவட்டாமயே வந்துட்டியா, தண்ணி சொட்டுது, தொடச்சிக்கயேன்.

— சொட்டட்டும்.

— வந்துடுச்சு. "மனு பெறப்பட்டது." அதுக்கு அப்புறம்...

— இன்னா? படி!

— "உரிய நடவடிக்கைக்காக, சம்பந்தப்பட்ட சங்கத் தலைவருக்கு அனுப்பி வைக்கப்பட்டது."

— எந்தத் தலைவரு?

— முனிரத்தினம்தான்க்கா. யார் மேல கம்ப்ளைண்டோ அவருக்கே அனுப்பிட்டாங்க. எந்த மனுவா இருந்தாலும் சம்பந்தப்பட்ட ஆபீசுக்குத் தள்ளி உடறது அங்க வழக்கம். முன்ன தபால்ல போவ மூணு மாசம் ஆவும். இப்ப மூணே நாளு.

— திருடன் கையிலயே சாவிய குடுத்திருக்கானுங்க. அந்தப் படிச்ச நாயிங்கள நான் எங்க போயி தேடுவேன்? சரி, அவனுங்க கதை கெடக்கட்டும். எங்க வூட்டுக்காரர் பேரு எப்படிடி போச்சி? பேரு போடாத, "நெசவாளர்கள்"னு மட்டும் போடுன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே. மண்டைய மண்டைய ஆட்டினியே.

— அப்படித்தான் போட்டேன்க்கா. சிஸ்டம் எடுக்கல. பேரும் வூட்டு நம்பரும் இல்லாட்டி மனு போவாது. மூணு தடவை தட்டினேன், மூணு தடவையும் திரும்பிடுச்சு.

— அப்ப உட்டுட்டிருக்கணும். இல்லாட்டி என்னை வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ரெண்டு தெரு தள்ளிதான இருக்கறேன்?

— கேட்டிருக்கணும்.

— ஏன் கேக்கல? சொல்லுடி, ஏன் கேக்கல?

— அந்த மாசம் நூறு மனுவுக்கு ஒண்ணு கொறைஞ்சிச்சி. நூறு ஆச்சின்னா வெள்ளைக்காரங்க வந்து நம்ம சென்டரைப் பாப்பாங்க, இன்னும் ரெண்டு கம்ப்யூட்டர் தருவாங்கன்னு சொன்னாங்க. ஆசை கண்ண மறைச்சிடுச்சி, டைப் பண்ணிட்டேன். அடிக்கா. அந்த ஸ்டூலால என் மண்டையிலயே போடு.

— போடத்தான் வந்தேன். அழுது தொலைக்காத, நீ அழுதா எனக்குக் கை ஓங்க வரல. அங்க கீழ பச்சையா ஏதோ எழுதியிருக்குதே, அது இன்னா?

— அது வேணாம்க்கா.

— படிடி.

— "தீர்வு காணப்பட்டது. மனு முடித்து வைக்கப்பட்டது." நேத்து தேதி போட்டிருக்குது.

— தப்பான தேதி.

— இன்னாக்கா?

— ஒண்ணுமில்ல. மூக்கைத் தொடச்சிக்கினு ஒழுங்கா உக்காரு. இதுல போலீசுக்கு மனு போவுமா?

— போவும். முனிரத்தினம் மேலதான? தாராளமா போடலாம். அண்ணன் பேரும் வேணாம், உன் பேரும் வேணாம், இந்த தடவை என் பேர்லயே போட்டுடறேன். வர்றது வரட்டும்.

— என் பேரைப் போடு. புவனேஸ்வரி, வூட்டு நம்பர், தெரு, ஒண்ணு வுடாத. இல்லாட்டி கை ஒடஞ்சி கெடக்கற மனுஷனைத்தான் போலீசு வந்து இழுத்துக்கினு போவும். முனிரத்தினம் ஓரிக்கைகிட்ட ஆத்து மணல்ல செத்துக் கெடக்கறான், இன்னிக்கு விடியக்காலம் நான்தான் வெட்டினேன்னு எழுது.