ஊற்றுக் கோயிலின் சாவி

— இடுப்புல இருக்கிற சாவியை அவிழ்த்துப் பலிபீடத்து மேல வை, அர்க்கிப்பே. உங்க வீடு பூசாரித்தனம் பண்ணினது போதும். இனி என் மக ரோதே கட்டுவா அதை.

— உன் மகளா? தெமெயாஸ், உன் முப்பாட்டன் எந்தக் கப்பல்ல வந்து இறங்கினான்னே ஊருக்குத் தெரியாது. இது அந்தேயாவோட ஊத்து. ஆசோபோஸ் ஆத்துச்சாமியோட கடைசி மக அவ. அவ வம்சந்தான் இந்தக் கதவைத் திறக்கணும். வந்தேறி இல்ல.

— கேட்டீங்களா, நடுவரே? வாயைத் திறந்தா வந்தேறிங்கிறா. அந்தேயாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் அல்கோன், அது இவங்க வம்சம். இளையவன் திரியாஸ், அவன் வம்சம் நாங்க. அவனும் அதே பாலைக் குடிச்சவன்தான், தெரியுமா?

— சரி சரி. உங்க கூச்சலைக் கேக்கவா ஊர்ச்சபை என்னை மலையேத்தி அனுப்பிச்சு? திரியாஸ் வாலிபத்துல ஊரை விட்டுப் போனான், திரும்பல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீ அவன் வம்சம்னு காட்டு, தெமெயாஸ். காட்டினா சாவி ரெண்டு வீட்டுக்கும் பொது. உன் மக இன்னிக்கே உள்ள வரலாம்.

— வெள்ளை உடுத்தி வாசல்லதான் நிக்கிறா, நடுவரே. காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல.

— வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கஞ்சி ஊத்து, தெமெயாஸ். பொண்ணைப் பட்டினி போட்டா வம்சம் வந்துருமா?

— பயம் வந்துடுச்சு பாருங்க, பூசாரியம்மாவுக்கு!

— எனக்கென்ன பயம்? உங்க வீட்டுல வம்சப் பாட்டு உண்டா? எங்க வீட்டுல வருஷா வருஷம் பாடுறோம். வேட்டையில அல்கோனைக் காட்டுப்பன்றி கொன்னுச்சு. தம்பிக்காரன் துக்கம் தாங்காம எங்கேயோ போய்ச் செத்தான். பிள்ளை குட்டி கிடையாது. தீர்ந்துச்சு.

— பாட்டுதானே? வாய் இருக்கிறவன் எவனும் கட்டுவான். எங்ககிட்ட பொருள் இருக்கு, தெரியுமா? இந்தத் துணியை அவிழ்க்கிறேன், பாருங்க நடுவரே. வெண்கல ஈட்டி முனை. அடியில மீன் செதுக்கியிருக்கா? பேரனுங்க ரெண்டு பேருக்கும் ஆசோபோஸ் குடுத்தது. இதோட ஜோடி அதோ, அந்தச் சுவத்துல தொங்குது.

— சரி சரி, கிட்ட கொண்டா. ம்... அதே மீன்தான்.

— எந்தச் சந்தையில பொறுக்கினானோ! எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, நடுவரே.

— இரும்மா. முனை ஏன் வளைஞ்சிருக்கு, தெமெயாஸ்?

— அதைக் கேக்காதீங்க, நடுவரே. வேண்டாம்.

— ஏன் கேக்கக் கூடாது, அர்க்கிப்பே? நான் சொல்றேன். எலும்புல பட்டு வளைஞ்சது.

— தெமெயாஸ், வாயை மூடு. மகளைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போ.

— நாலு தலைமுறையா மூடியாச்சு! பன்றி மேல வீசின ஈட்டி இது, நடுவரே. புதருக்குப் பின்னால அண்ணன் நின்னது திரியாசுக்குத் தெரியல. அல்கோனைப் பன்றி கொல்லல, இதுதான் கொன்னுச்சு. அதனாலதான் தம்பி ஓடினான். எங்க வீட்டுல அப்பன் சாகும்போது மகன் காதுல மட்டும் சொல்ற சேதி. எந்த வந்தேறிக்குத் தெரியும் இது?

— சத்தியம் பண்ணுவியா?

— சத்தியம்னா பலிபீடத்துக்கு முன்னால வெட்டி வச்ச பன்றித் துண்டு மேலதானே ஏறி நிக்கணும்? நின்னுட்டேன், நடுவரே. ஆசோபோஸ் ஆணை. நான் திரியாஸ் வம்சம். அல்கோனைக் கொன்ன ஈட்டி இது. ரோதே, உள்ள வாம்மா!

— ரோதே, அங்கேயே நில்லு! வாசக்கல்லைத் தாண்டாதே.

— என்ன நடுவரே, என் மகளைத் தடுக்கிறீங்க? நிரூபிச்சுட்டேன்ல?

— நிரூபிச்சுட்ட. அதான் சொல்றேன். இந்தக் கோயில் சட்டம் கதவுக்கு உள்பக்கம் வெட்டியிருக்கு. சாவிக்காரங்களும் நடுவருந்தான் படிச்சிருக்கோம். அந்தேயாவோட பிள்ளையைக் கொன்ன கையும், அந்தக் கை பெத்த வம்சமும், இந்த ஊத்துல தண்ணி தொடக் கூடாது. கை தவறினதுன்னாலும் அதே சட்டம்தான்.

— ஊர்ல வேற தண்ணி ஏது, நடுவரே?

— இல்ல. சாயங்காலத்துக்குள்ள சாமான் கட்டு. மலைக்கு அந்தாண்ட ஏதாச்சும் ஊர் பாரு.

— அர்க்கிப்பே! உனக்குத் தெரியுமாடி இது?

— எங்கம்மா சாகும்போது என் காதுல சொன்னா. பன்றிப் பாட்டைக் கட்டினது எங்க வீடு. நாலு தலைமுறையா உங்களை வந்தேறின்னு ஏசினதும் எங்க வீடு. வந்தேறி இந்தத் தண்ணியைக் குடிக்கலாம், தெமெயாஸ்.