கௌபாய் பாடமும் கையெழுத்தில்லாக் கடிதமும்

குமரிக் கடலோரக் குடியில் பிறந்து, குதிரைக் குளம்பொலிக்குள் ஒளிந்திருக்கும் பொய்யையும் மெய்யையும் இருபத்தாறு ஆண்டுகள் மாணவருக்குப் பிரித்துக் காட்டி, இன்று பணி நிறைவு பெறும் காட்சித் தொடர்பியல் துறைத் தலைவர், பேராசிரியர் கிளீட்டஸ் அவர்களுக்கு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் அவரோடு குரலுயர்த்திப் பேசிப் பழகிய உடன்பணியாளர்கள் வணங்கி வாசித்தளிக்கும் மடல்.

அன்பாளர், அறிவாளர் என்று அடைமொழிகளை அடுக்கலாம். ஆனால் அவரை அறிந்தோர் முதலில் சொல்வது, அவர் பெரிய சந்தேகக்காரர் என்பதே. கேண்டீனில் சர்க்கரை இல்லாத சாயா கேட்டுவிட்டு, ஒரு கரண்டியில் ருசி பார்த்த பிறகே குடிப்பார். திரையில் ஒருவன் வெள்ளைத் தொப்பியோடு குதிரையேறி வந்தால், “இவன் நல்லவன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?” என்று வகுப்பை மடக்குவார்.

அவர் வகுத்த விருப்பப்பாடம் கௌபாய் படங்களின் வளர்ச்சி. ரயில் கொள்ளையைக் காட்டிய ஊமைப் படங்களில் தொடங்குவார். பரந்த பாலையையும் பாய்ந்து வரும் படையையும் காட்டிய பொற்காலத்துக்கு வருவார். இத்தாலியர் எடுத்த புழுதிப் படங்களில் நாயகன் நியாயத்தை விட்டுக் கூலிக்குச் சுடத் தொடங்கியதைச் சொல்வார். பின்னாளில் கிழடு தட்டிய துப்பாக்கிக்காரர்கள் செய்ததை நினைத்து வருந்தியதையும், இன்று குதிரை போய் லாரியும் எண்ணெய்க் கிணறும் வந்ததையும், நம் தமிழிலும் கௌபாய்கள் சுட்டுத் திரிந்ததையும் ஒரே மூச்சில் கோத்து முடிப்பார்.

ஈராண்டுக்கு முன் கல்லூரி முதல்வரின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து இல்லை. ‘சுட்டவன் நல்லவன், செத்தவன் கெட்டவன் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்தப் பாடம் வேண்டாம்’ என்று தட்டச்சில் இருந்தது. பாடத்தை நிறுத்துவதா என்று பார்க்க முதல்வர் எலிசா அம்மையார் ஒரு குழு அமைத்தார்.

அன்றுமுதல் கிளீட்டஸுக்கு எந்த முகத்தைப் பார்த்தாலும் கடிதம் எழுதிய முகமாகவே தெரிந்தது. பாடத்திட்டத்தின் நகல் கேட்ட உதவிப் பேராசிரியர் ரெஜிஷாவை, எதற்கு, ஏன் என்று குடைந்தார். வணக்கம் சொன்னவர்களின் குரலிலும் உள்ளர்த்தம் தேடினார். எல்லாரையும்விட அவர் கண்ணை உறுத்தியவர் ஆய்வக உதவியாளர் ரசலையன். புரொஜெக்டரை இயக்கி வைத்ததும் போய்விடுகிறவர், அந்தப் பருவம் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு கலைந்ததும் கிளீட்டஸ் கதவைச் சாத்தினார்.

“நோட்டைத் தாரும்.”

ரசலையன் மறுக்கவில்லை. புரட்டினால் வரிசையாகப் படங்களின் பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘பேச்சு இல்லை’, ‘பேச்சு இல்லை’.

“இது என்னது?”

“அந்த அமெரிக்க மண்ணுக்காரனுவ, பூர்வகுடிக்காரனுவ, எப்பம் வாய் தொறக்கானுவன்னு பாத்தேன் சாரே. ஒம்பது படம் ஆச்சு. சாவதுக்கு மட்டும்தான் வாறானுவ. அவனுவ பக்கத்துப் படம் ஒண்ணும் இல்லியா?”

அப்படிப்பட்ட படங்கள் இருந்தன. நேரமில்லை என்று கிளீட்டஸ் ஆண்டுதோறும் தாண்டிப்போன கடைசி அலகில் இருந்தன.

“அந்தக் கடிதம்?”

“நான்தான் சாரே. எம் மவ பிரீனா ஒங்க கிளாஸுலதான் இருக்கா. வீட்டுல வந்து, சுட்டவன்தான் ஹீரோன்னா. பயந்து எழுதிப் போட்டேன். பெறவு, சரியாத்தான் எழுதுனோமான்னு எனக்கே சந்தேகம் வந்து, ஒக்காந்து பாத்தேன்.”

ஒப்பந்த வேலைக்காரர் அவர். பெயர் வெளியே வந்தால் மறுநாள் வேலை இருக்காது. கிளீட்டஸுக்குக் கோபம் இருந்தது. அதைவிட வெட்கம் கூடுதலாக இருந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

குழுவின் முன் நின்று அவர் சொன்னது இவ்வளவுதான்: “கடிதம் பாதி சரி. பேச்சு மறுக்கப்பட்டவர்களின் படங்களிலிருந்து இனித் தொடங்குகிறேன். பாடத்தை எடுத்துவிடாதீர்கள்.” பாடம் தப்பியது. எழுதியவர் யார் என்று முதல்வர் கேட்டபோது, “தெரியும், சொல்ல மாட்டேன்” என்றார்.

அந்த ஒரு சொல்லால் சந்தேகம் அவர் பக்கமே திரும்பியது. பாடத்தைக் காத்தவர் என்று பெயர் வாங்குவதற்காகத் தானே எழுதிப் போட்டிருப்பார் என்று பேசினோம். அப்படி முதலில் சொன்னவர் ரெஜிஷா. தலையாட்டியவர்கள் மற்ற நாங்கள் எல்லாரும். அவர் வந்ததும் பேச்சை நிறுத்தினோம். எங்களுக்குள் என்ன ஓடுகிறது என்று அறியாதவரா அவர்? ஈராண்டு எங்களோடு அதே மேசையில் சோறுண்டார், ரசலையன் பெயரைச் சொல்லவில்லை.

சென்ற வாரம் முதல்வரோடு இம்மடல் எழுதக் கூடினோம். நாங்கள் அடைமொழி தேடிக்கொண்டிருக்கையில் ரசலையன் எழுந்தார். “அந்தக் கடிதம் எழுதுனவன் நான். சாருக்கு அப்பவே தெரியும். வேலை போனா போட்டும், இதை எழுதாம மடல் எழுதாதீங்க” என்றார். முதல்வர், “வேலைக்கு ஒன்றும் வராது, உட்காருங்கள்” என்றார். ரெஜிஷா அதுவரை எழுதியிருந்த தாளைக் கிழித்துப்போட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதத் தொடங்கினார்.

மாண்புசால் பேராசிரியரே, தங்களை ஐயுற்றோம். தவறினோம். இந்த அவையறிய மன்னிப்பு வேண்டுகிறோம். துணைவியார் சகாயசெல்வி அம்மையாரோடும் மக்களோடும் நோயின்றி, நூறாண்டு நிறைவாய் வாழத் தங்களை வாழ்த்துகிறோம்.

நேற்றே இதைத் தங்களிடம் தனியே சொல்லி மன்னிப்புக் கேட்டபோது, தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “முழுசா வாசியுங்க. பெறவு பாப்போம்” என்றீர்கள்.

வாசித்துவிட்டோம் ஐயா.

தங்கள் மறுமொழிக்குக் காத்து நிற்கும்,
காட்சித் தொடர்பியல் துறை ஆசிரியர்களும் ஆய்வக உதவியாளர் ரசலையனும்