சந்தேகம் வந்தால் சேவல்

ஆறு வாரத்துக் குஞ்சைக் கையில் எடுத்ததும் எல்லாரும் கொண்டையைத்தான் பார்ப்பார்கள். கொண்டை ஏமாற்றும். சில பெட்டைகளுக்கும் அது சீக்கிரமே சிவந்துவிடும். நான் முதலில் காலைப் பார்ப்பேன். சேவலுக்குக் கால் தடிமனாக இருக்கும். கையைத் தட்டினால் பெட்டை ஒடுங்கிக்கொள்ளும்; சேவல் கழுத்தை நீட்டி, யாரடா அது என்று பார்க்கும். இன்னும் நாலு வாரம் போனால் முதுகு முடிகிற இடத்தில் புது இறகு வரும். நுனி கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை. இதையெல்லாம் எழுத வேண்டாம் மேடம். எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். கோழி வளர்க்கலாம், ஆனால் சேவல் கூவக் கூடாது என்று பேசி முடிவு செய்திருந்தார்கள். அதனால் குரல் வருவதற்கு முன்னால் சேவல்களைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது. யாரும் கொடுக்கவில்லை, தானாக வந்தது. முப்பது வருஷம் தபால் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவள் நான். உறையைக் கையில் எடுத்த நொடியில் அது எந்தப் பெட்டிக்கு என்று தெரிய வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் மூட்டை மூட்டையாகத் தேங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டைப் பெட்டிகளில் குஞ்சுகளைப் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் கொல்லையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். இந்தப் பக்கம் பெட்டைக் கூடை, அந்தப் பக்கம் சேவல் கூடை. பெட்டைகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பும். சேவல்கள் என்னிடமே இருக்கும். பத்தாவது வாரம் அவற்றை நான் முடித்துவிடுவேன். பெரிய பெரிய மீசை வைத்தவர்கள் எல்லாம் இந்த வேலைக்கு என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். எனக்குக் கை நடுங்காது. வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, வயிற்றைச் சுத்தம் செய்து, கறியைப் பொட்டலம் போட்டுக் கொடுப்பது என் தங்கையின் வேலை. பதினோரு வருஷம் இப்படி நடந்தது. நான் பெட்டை என்று கொடுத்த ஒன்றுகூட யார் வீட்டிலும் கூவியதில்லை. தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

தங்கை என்னைவிட நாலு வயது சின்னவள். சின்ன வயதிலிருந்தே இளைப்பு. இன்ஹேலர் இல்லாமல் கடைக்குக்கூடப் போக மாட்டாள். நாங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் வேண்டாம் என்று இருந்தேன். அவளை ஒருவர் கேட்டு வந்தார், ரேடியோ பழுது பார்ப்பவர். அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் சரிப்பட மாட்டார் என்று. அப்பா அம்மா என் பேச்சைத் தட்ட மாட்டார்கள். அவரும் போய்விட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அவள்தான் சம்பந்தப்படுத்தினாள்.

போன பங்குனியில் பொரிந்த குஞ்சுகளில் ஒன்று சாம்பல் நிறம், ஒரு விரல் வளைந்திருக்கும். தங்கை அதற்குச் சாம்பல் என்றே பெயர் வைத்து, சமையலறையில் கூடைக்குள் வளர்த்தாள். அது சேவல் என்று நான் சொன்னேன். பத்தாவது வாரம் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது பெட்டைக்கா. இதை மட்டும் விட்டுடேன்."

"கூவினா யார் பதில் சொல்றது?"

"கூவட்டும். அன்னிக்கே நானே பிடிச்சுத் தர்றேன்."

பக்கத்து வீட்டுத் தையல்காரி அப்போது சுவருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது தெரு முழுக்கப் போய்விடும். நான் பயந்து மறுத்ததாக ஆகிவிடக் கூடாது. சரி என்றேன். தனிக் கூண்டில் போட்டு, பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பதினாறாவது வாரம் ஆயிற்று, பதினெட்டு ஆயிற்று. தையல்காரி தினமும் ஒரு தடவை கேட்பாள். "என்னக்கா, உங்க சேவலுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா? கஷாயம் வச்சுத் தரட்டுமா?" பால்காரர் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் குஞ்சை நீட்டுவதற்கு முன்னால் சாம்பல் கூண்டை ஒரு பார்வை பார்த்தார்கள். மூன்று பேர் வரவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வார்த்தையை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

பிறகு ஒருநாள் அந்தக் கூண்டில் முட்டை கிடந்தது. எடுத்து முருங்கைக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். மறுநாளும் கிடந்தது. நாலு நாள் புதைத்தேன்.

ஐந்தாவது நாள் காலை பத்து மணி இருக்கும். தங்கை கோழிக் கொட்டகைக்குள் பழைய மரத்தூளை வாரிப் போட்டுவிட்டுப் புது மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். தகரக் கொட்டகை, மேலே கையகலத் துவாரம் ஒன்று. நான் வாசலில் நின்றிருந்தேன். அவள் நிமிராமலேயே கேட்டாள்.

"இன்னிக்கும் புதைச்சிட்டியாக்கா?"

நான் இடுப்பில் இருந்த சாவியைத் தடவிப் பார்த்தேன்.

"பயப்படாதே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எப்பவும் சொன்னதில்லையே."

"எப்பவும்னா?"

"வயித்தைக் கிழிச்சு சுத்தம் பண்றது நான்தானே. பத்துல மூணு பெட்டையா இருக்கும். உள்ளே முட்டைக் கரு பொடிப்பொடியா கொத்தா தெரியும். நீ பாத்தா மனசு உடைஞ்சு போயிடுவியேன்னு குடலோட சேர்த்துக் குப்பையில போட்டுடுவேன்."

என் வாயில் பொய் என்ற வார்த்தை வந்தது. சொன்னேனா என்று நினைவில்லை.

"சந்தேகம் வந்தா சேவல்னு சொல்லிடுவே. சேவல்னு சொன்னதை வளர விட மாட்டே. அப்புறம் எப்படிக்கா உனக்குத் தப்பாகும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கொஞ்ச நேரம் மரத்தூளைப் பரப்பினாள். "என்னைக் கேட்டு வந்தவரையும் அப்படித்தானே அனுப்பினே. படுத்த படுக்கையா கிடந்த பொண்டாட்டியை அவர் எட்டு வருஷம் தூக்கி எடுத்துப் பாத்துக்கிட்டாராம். போகட்டும், விடு."

அந்த "போகட்டும், விடு" இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருப்போம். பதினோரு வருஷம் என் தங்கை எனக்குப் பாவம் பார்த்திருக்கிறாள். நான் மூத்தவள் மேடம்.

பூனை வராமல் இருக்கக் கொட்டகைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் உண்டு. மரத்தூள் படாமல் இருக்க அவள் தன் இன்ஹேலரைச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்தாள். அதைப் பார்த்தேன். பிறகு தாழ்ப்பாளைப் போட்டேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். "அக்கா, போதும், திற" என்றாள். பிறகு இருமல். பிறகு மருந்தைக் கேட்டாள். உள்ளே இருந்த கோழிகள் மிரண்டு சிறகடித்ததில் தூசி இன்னும் கிளம்பியிருக்கும், துவாரத்தின் வழியாகப் புகை மாதிரி வந்தது. தையல்காரியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து சாம்பலை மடியில் வைத்து, முதுகு இறகை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நல்ல வெளிச்சம். நுனி கூராகத்தான் இருந்தது.

கால் மணி நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. இன்னும் கால் மணி உட்கார்ந்திருந்தேன். பிறகு சாம்பலைக் கூண்டில் விட்டுப் பூட்டினேன். இன்ஹேலரைக் கொண்டுவந்து, தாழ்ப்பாளைத் திறந்து, அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன், தையல்காரியைக் கூப்பிட்டேன். தங்கையின் தலைமுடியில், புடவையில், கண் இமையில் எல்லாம் மரத்தூள், இன்ஹேலரில் மட்டும் ஒரு துளிகூட இல்லை என்று உங்கள் ஆள் கண்டுபிடித்தாராமே. கெட்டிக்காரர். தபால் கூடத்துக்கு வந்திருந்தால் நன்றாக வந்திருப்பார்.

வருத்தமாக இல்லையா என்று கேட்டீர்கள். வருத்தமாக இருக்கிறது. நேற்று இங்கே சோற்றைப் போட்டதும் பழக்கத்தில் அவள் பங்கை ஒதுக்கி வைத்தேன். ஆனால் நான் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நான்தான் கதவைப் பூட்டினேன், மூச்சு நிற்கும் என்று தெரிந்தே பூட்டினேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

இன்று காலையிலும் சாம்பல் கூண்டில் முட்டை இருந்தது என்கிறீர்கள். வேறு ஏதாவது பெட்டை போட்டிருக்கும். பூட்டு போட்ட கூண்டு, சாவியும் உங்களிடம்தான் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். சில சேவலுக்குக் குரல் வர நாளாகும். இன்னும் ஒரு மாதம் யாரும் அதன் மேல் கை வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம். கூவும்.