முட்டுக் கொடுக்காத இடம்

உங்கள் நாற்காலி ஆடுகிறது, போதகரே. முனிரத்தினத்துக்குச் சொல்லி அனுப்புங்கள், இன்றைக்கே வந்து சரி பண்ணிவிடுவான். முன்னாலென்றால் கிறிஸ்துமஸ் போய் ஈஸ்டர் வந்திருக்கும். இப்போது அவன் எதையும் தள்ளிப்போடுவதில்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

தங்கச் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை அவனுக்கு. அவன் மேஸ்திரி நான். பவுரிங்பேட்டையிலிருந்து இங்கே ரயில் விட்ட வருஷம் அவன் வந்து சேர்ந்தான். அவனைப் போல் கைகாரன் பாலகாட் சுரங்கத்துப் பக்கம் கிடையாது. மற்றவர்கள் நாள் பூராவும் அடித்துப் பொருத்துகிற மரத்தை ஒரே வெட்டில் உட்காரவைப்பான். ஆனால் அந்த வெட்டு எப்போது விழும் என்று அவனுக்கே தெரியாது. உளியைத் தீட்டுவான். வெற்றிலை போடுவான். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் குழி வாயில் நின்று ஊர்க்கதை பேசுவான்.

"இன்னா இன்பராஜ் மேஸ்திரி அவசரம்? பாற எங்க ஓடிடப் போவுது?" என்பான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். துரை என்னைத் திட்டும்போது மட்டும் வராது. கெஞ்சினேன், வைதேன், ஒன்றும் நடக்கவில்லை. அவனை வேலையை விட்டு நிறுத்தவும் மனசு வரவில்லை. உண்மையாகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

ஒரு நாள் ஆள் குறைவென்று அவன் தம்பி வேலுவை, இன்னும் முட்டுக் கொடுக்காத இடத்திலேயே வெடிக்குத் துளை போட அனுப்பினேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேலே நின்ற முனிரத்தினத்திடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டு அடுத்த கேஜ் கூண்டில் இறங்கி வந்தான். மதியத்துக்குள் அந்த இடம் நம் கோயில் கூரையைவிடத் திடமாக நின்றது.

அன்றிலிருந்து எனக்கு வழி தெரிந்துவிட்டது. எங்கே முட்டு மரம் சீக்கிரம் நிற்க வேண்டுமோ அங்கே வேலுவை முன்னால் அனுப்பினேன். வேலுவுக்கு அது புரியவில்லை. தன்னை நம்பித்தான் புது இடமெல்லாம் தருகிறேன் என்று சந்தோஷப்பட்டான். அவன் அம்மா தாயம்மா அதற்காகவே வேர்க்கடலை வறுத்து எனக்குக் கொடுத்தனுப்பினாள். வாங்கித் தின்றேன்.

அந்த நாளும் அப்படித்தான் ஆரம்பித்தது. முனிரத்தினத்துக்குச் சொல்லி அனுப்பினேன். உளி தீட்டிவிட்டு வருகிறேன் என்று பதில் வந்தது. தம்பியைப் பற்றிய பயம் அவனுக்குக் கொஞ்சம் பழகிப்போயிருந்தது. அதற்குள், முட்டில்லாத இடத்திலிருந்து வேலு வெளியே வந்தான்.

"மேஸ்திரி, மேல இருந்து பொடி கொட்டுது. அண்ணன் வந்துடட்டும், அப்பறமா போறேன்."

"நீ வெளிய நின்னா உங்க அண்ணன் வருவானா? போ உள்ள."

சிரித்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பல் மட்டும் தெரிந்தது. உள்ளே போனான். நான் முட்டுக் கொடுத்திருந்த இடத்தில் பத்திரமாக நின்றேன். கொஞ்ச நேரத்தில் பாறை முனகும் சத்தம் கேட்டது. அவனைக் கூப்பிட நேரம் இருந்தது, போதகரே. வாயையும் திறந்தேன். அப்போது கேஜ் இறங்கும் மணி அடித்தது. இறங்கி வருகிற முனிரத்தினம், தம்பி வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டால் நாளைக்கு அசையமாட்டானே என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

பாறை சரிந்து வேலு செத்ததை விசாரணையில் விபத்து என்று முடித்துவிட்டார்கள். முனிரத்தினம் என் காலில் விழுந்தான்.

"என் சோம்பேறித்தனந்தான் மேஸ்திரி அவன கொன்னுடுச்சி" என்று தரையில் தலையை முட்டிக்கொண்டான்.

இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான். "அழாத, வுடு" என்று மட்டும் சொன்னேன். வேலுவைக் கொன்றது நான்தான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று உங்களிடம் சொன்னதில் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முனிரத்தினத்திடம் மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள். பழி தன்மேல் என்று நம்புவதால்தான் விடிவதற்குள் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறான். அந்த நல்ல பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று, அவன் கடைசித் தம்பி ராஜப்பாவைப் போன திங்கட்கிழமையிலிருந்து முட்டுக் கொடுக்காத இடத்தில் போட்டிருக்கிறேன். கவலைப்படாதீர்கள். இந்தத் தடவை பாறை முனகினால் கட்டாயம் கூப்பிட்டுவிடுவேன்.