கழுதைசிரிச்சான்

— ஏணியக் கெட்டியாப் பிடிங்கக்கா. விழுந்தா உங்க டீக்கடை மேலதான் விழுவேன். அப்புறம் கூரைக்கும் சேர்த்து பெயிண்ட் அடிக்கணும்.

— பிடிச்சுட்டுத்தான் இருக்கேன் பெயிண்டரே. முதல் எழுத்த எழுதறதுக்குள்ள, ஊர் போர்டுல பழைய பேரும் இருக்கணும்னு நான் கேட்டதுக்கு ஒரு வழி சொல்லுங்க.

— அதான் சொன்னேனே. ஊர்க் கூட்டத்துல முடிவு பண்ணி, உங்க தலைவர் என் கடைக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. ‘எழில்நகர்’னு எழுது, பழைய பேரு இருந்த தடமே தெரியக் கூடாதுன்னு. நமக்கு என்னக்கா, சொன்னத எழுதறவன்.

— பழைய பேரு என்னன்னாவது சொன்னாரா?

— கேட்டேன். மனுசன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. சரி, பழைய போர்டுல பாத்துக்கலாம்னு வந்தா, அதுல தாரப் பூசி வச்சிருக்கீங்க. அப்படி என்னக்கா பேரு? கெட்ட வார்த்தையா?

— சே சே, அதெல்லாம் இல்ல. கேக்கறவங்களுக்குத்தான் சிரிப்பு தாங்காது. பக்கத்து வீட்டுப் பொண்ணப் பாக்க வந்தவங்க, ‘எங்க, பொண்ணக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க, அதையும் கேட்டுட்டுப் போறோம்’னு கிண்டல் பண்ணிட்டுப் போயிட்டாங்க. அவ அன்னைக்குப் பூரா கதவத் திறக்கல. தாரு பூசினது அவ அண்ணன்தான்.

— அப்ப மாத்தறது நல்லதுதானே?

— நல்லதுதான். கூட்டத்துல எல்லாரும் கை தூக்கினாங்க. அவ மூஞ்சியப் பாத்துட்டு நானும்தான் தூக்கினேன். வீட்டுக்கு வந்து அடுப்பப் பத்த வைக்கறப்பத்தான் உறைச்சுச்சு. ஐயோ, சின்னவன் எப்படித் திரும்பி வருவான்னு.

— சின்னவனா? உங்க பையனாக்கா?

— கூடப்பொறந்தவன். தலையெல்லாம் நரைச்சாச்சு, ஆனா எனக்குச் சின்னவன்தான். குழந்தை மனசு. கடையில கிளாஸ் கழுவறது அவன் வேலை. ஒரு கிளாஸ் உடைச்சதில்ல. ஆனா பேரு என்னன்னு கேட்டா மட்டும் முழிப்பான். பட்டணத்துச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனேன். மூட்டையத் தூக்கறதுக்காக அவன் கைய விட்டேன். திரும்பிப் பாத்தா மூட்டை இருக்கு, அவன் இல்ல.

— அடப்பாவமே. போலீஸ்ல சொன்னீங்களா?

— சொல்லாம இருப்பேனா? எழுதிட்டு இருந்தவரு ஊர்ப் பேரு வந்ததும் பேனாவ வச்சுட்டு, பக்கத்து மேசைக்காரரக் கூப்பிட்டாரு. இந்தம்மா சொல்றதக் கேளுய்யான்னு. ரெண்டு பேரும் சிரிச்சு முடிச்சுட்டு, தேடறோம்னாங்க. அப்புறம் ரெண்டு மழைக்காலம் போயாச்சு.

— அவருக்கு வேற எதுவுமே சொல்லத் தெரியாதா?

— ஊர்ப் பேரு தெரியும். அது நான் பழக்கினது. தெரு, வீடுன்னு என்னென்னவோ சொல்லிக் குடுத்தேன், மண்டையில நிக்கல. சரி, ஊர்ப் பேரு ஒண்ணு போதும், நல்ல மனுசங்க பஸ் ஏத்தி விட்டுருவாங்கன்னு நினைச்சேன். பொறந்ததுல இருந்து சொல்ற பேரு பாருங்க, அதச் சொன்னா பைத்தியம்னு நினைப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.

— எப்படிக்கா பழக்கினீங்க?

— எந்த ஊர்னு யாரு கேட்டாலும் பயப்படாத, நெஞ்சத் தட்டிச் சொல்லு, ரெண்டு தடவை சொல்லுன்னு. அவனுக்கு அதுல அப்படி ஒரு பெருமை. இப்பப் பாருங்க, யாரோ ஒருத்தர் நம்பி பஸ் ஏத்தி விட்டாலும், போர்டு மாறிட்டா, அப்படி ஒரு ஊரே இல்லன்னு கண்டக்டர் வேற எங்கயாவது இறக்கி விட்டுருவாரு. தலைவர் திட்டினா நான் வாங்கிக்கறேன் பெயிண்டரே. அடியில, ஓரமா, எறும்பு சைஸுக்கு எழுதினாக்கூடப் போதும். என்ன, இறங்கறீங்க? முடியாதா?

— எழுதறேன்கா. நீங்க பேரச் சொல்லுங்க.

— சிரிக்கக் கூடாது.

— சொல்லுங்கக்கா.

— கழுதைசிரிச்சான். என்ன பெயிண்டரே, பிரஷ்ஷக் கீழ போட்டுட்டீங்க? வெளியாளு இதக் கேட்டுச் சிரிக்காம இருந்து நான் பாத்ததே இல்ல. உங்களுக்கு ஏன் சிரிப்பு வரல?

— நான் போன மழைக்காலத்துலயே சிரிச்சுட்டேன்கா. பட்டணத்துல ஒரு காப்பகத்துச் சுவர்ல எழுதற வேலை. தலை நரைச்ச ஒருத்தர் கிளாஸ் கழுவிட்டு இருந்தாரு. எந்த ஊர்னு கேளு, தமாஷா இருக்கும்னாங்க. கேட்டேன். நெஞ்சத் தட்டிச் சொன்னாரு. நான் சிரிச்சுச் சிரிச்சுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவரும் சலிக்காம, ஒவ்வொரு தடவையும் ரெண்டு தடவை சொன்னாருக்கா.