மீசை எடுத்தவர்களுக்கு ஆகாது

எதையும் சுருக்கமாக எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் நீங்கள் திருச்சூர்க் கிளையிலிருந்து விசாரிக்க வந்திருப்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கோழிக்கோட்டில் எங்கள் குழு இலவச மென்பொருள்களைத் தொகுத்து வழங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுவது என் வேலை. மென்பொருள் நிறுவித் தரும் எங்கள் முகாமுக்குக் கணினியோடு வருபவர்கள் அதைப் படித்துத்தான் வேண்டியதைக் கேட்பார்கள். ஒருவர்கூடக் கேட்காததை அடுத்த தொகுப்பிலிருந்து எடுத்துவிடுவோம்.

புகைப்படங்களை ஆள்வாரியாகப் பிரிக்கும் 'முகம்' என்ற மென்பொருளை, நாங்கள் அண்ணன் முறையில் அழைக்கும் ஷமீல்க்கா எழுதியிருந்தார். விளக்கமும் அவருடையதே: "பல்லிழைப் படிமக் குறியீட்டு இயந்திரம்." எந்த விளக்கத்தையும் கீழே கேன்டீன் நடத்தும் ஓமனச் சேச்சியிடம் வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும்.

"இன்ஜினா? டீசல் எவ்ளோ குடிக்கும் மோனே?" என்றார் சேச்சி, பழம்பொரியைத் திருப்பிப் போட்டபடி.

"சிரிக்காதீங்க சேச்சி. ரெண்டு வருச உழைப்பு." ஷமீல்க்கா என் பக்கம் திரும்பினார். "ஜிஷா, நீயே எழுதிடு. இது தொகுப்புலேர்ந்து போச்சுன்னா நான் கீபோர்டையே தொட மாட்டேன்."

எழுதினேன்: "உங்கள் புகைப்படங்களில் இருப்பவர்களை ஆளுக்கொரு ஆல்பமாகப் பிரித்துத் தரும்."

"இது எனக்கு வேணும்" என்றார் சேச்சி. "எங்க வீட்டுக்காரர் எல்லாக் கல்யாணத்துலயும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கறத ஒண்ணா சேர்த்துக் காட்டணும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுநாள், நான் படிக்கும் மாலை வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. நல்லதை மட்டும் சொன்னால் அது விளம்பரம் அல்லவா? ஆகவே சேர்த்தேன்: "மீசை எடுத்தவரை வேறு ஆளாகக் கருதும்." அப்புறம், "அலங்காரத்தில் இருக்கும் மணப்பெண்ணை அடையாளம் காணாது." சேச்சியிடம் மறுபடி வாசிக்கவில்லை. அவருக்கு வேலை அதிகம்.

முகாமில் ஆண்கள் படித்தார்கள், மீசையைத் தடவிக்கொண்டார்கள், நகர்ந்தார்கள். புதுமாப்பிள்ளை ஒருவர், "நம்ம கல்யாண ஆல்பத்துல நீயே இருக்க மாட்ட போலயே" என்று மனைவியிடம் சொல்லி அடி வாங்கினார். 'முகம்' வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் ஷமீல்க்கா மீசையை மழித்துவிட்டு வந்தார். தன் பழைய படங்களையும் புதிய படத்தையும் போட்டுக் காட்டினார். எல்லாம் ஒரே ஆல்பத்தில் விழுந்தன.

"பாரு, இதுக்கு என்னைத் தெரியுது. எங்க உம்மாவுக்குத்தான் தெரியல. யாருடா நீன்னு கதவைச் சாத்திட்டாங்க" என்றார். "நீ இதை ஓட்டிப் பாத்தியா, ஜிஷா?"

இல்லை. ஓட்டிப் பார்த்திருந்தால் அந்த வரிகளை எழுத முடிந்திருக்காது.

'முகம்' நீக்கப்பட்டது. விளக்கத்தின் கடைசியில், புகைப்படம் அடுக்கும் இன்னொரு மென்பொருளின் பெயரையும் கொடுத்திருந்தேன். எல்லோரும் அதைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அது முகத்தையே பார்க்காது, தேதியை மட்டும்தான் பார்க்கும். எனவே மீசையால் அதற்குத் தொல்லையில்லை. அந்த மென்பொருளை எழுதியவள் நான். அதையும் குறிப்பிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். சாதாரணப் பயனருக்கு அந்தத் தகவல் எதற்கு?